மேடம் உட்கார்ந்த இடம்

உங்களை மேடம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மோப்ப நாய்ப் பிரிவில் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒருத்திக்குப் போய்விட்டது. பதிவேட்டில் அவளுக்கு வேறு ஏதோ பெயர் உண்டு. ஆனால் வண்டியிலிருந்து இறங்கி அவள் நடந்து வந்த தோரணையைப் பார்த்துவிட்டு, "மேடம் வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா" என்றார் சமையல்காரர். அதுவே நிலைத்துவிட்டது. ஆகையால் உங்களை அம்மா என்றே கூப்பிடுகிறேன். வயதில் நீங்கள் இளையவர்தான். பரவாயில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பூட்டுக்காரனைக் கொன்றது நான்தான். அதில் இழுத்தடிக்க ஒன்றும் இல்லை. ஏன் என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். முழுக்கக் கேட்டால் நீங்களும் தலையாட்டுவீர்கள் என்றே நினைக்கிறேன்.

தையல்காரப் பெண் தன் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தாள். கதவு உடைபடவில்லை, பூட்டில் ஒரு கீறல் இல்லை. யாருக்கோ திரைச்சீலை தைக்க வைத்திருந்த துணியாலேயே அவள் கழுத்தை இறுக்கியிருந்தார்கள். அதே தெரு முனையில் பூட்டுப் பழுது பார்க்கும் கடை. பூட்டை உடைக்காமல் திறக்கத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். தனிக்கட்டை. யாரோடும் ஒட்டமாட்டான். இதற்குமேல் என்ன வேண்டும், மொத்தத் தெருவும் அவனைக் கைகாட்டியது. வழக்கை விசாரித்த அதிகாரி என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொலைகாரன் கைபட்ட துணியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடி, முத்திரை வைத்துவிடுவோம். பிறகு சில ஆட்களை வரிசையாக நிறுத்துவோம். அதில் ஒருவன் மட்டும்தான் சந்தேகத்துக்குரியவன், மற்றவர்கள் சும்மா நிற்க வந்தவர்கள். துணியை மோந்த நாய் வரிசையோடு நடந்துபோய், அந்த வாசனை உள்ளவன் முன்னால் உட்காரும். உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட். இதில் முதல் விதி, நாயைப் பிடித்துப் போகிறவனுக்குச் சந்தேகம் யார்மேல் என்று தெரியவே கூடாது. மேடத்தின் கழுத்துப் பட்டையிலிருந்து என் கைவரை ஒரு தோல்வார் வருகிறது இல்லையா, அதன் வழியாக எல்லாம் இறங்கிவிடும். நம் மனத்தில் இருப்பது அவள் கழுத்துக்குத் தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த புதிதில் இதை மந்திரம் மாதிரி ஒப்பிக்க வைப்பார்கள்.

வரிசை நிறுத்துவதற்கு முந்தின நாள் மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார்.

"பூட்டுக்காரன் கடைசிக்கு முந்தின ஆளா நிப்பான் மாப்பிள்ள. மேடம் உக்காந்துட்டா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"இதெல்லாம் எங்கிட்ட சொல்லக்கூடாது மச்சான்."

"உங்ககிட்ட சொன்னா என்ன? மோந்து பாக்கப்போறது நீங்களா?"

என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாருக்குத் தெரியும்ணா, இவரே கூட மோந்து பாப்பாரு. எங்கிட்ட பேசறதவிட அதுகிட்டதான் அதிகம் பேசறாரு" என்றாள். நானும் சிரித்தேன். வேறொருவரைப் பிடித்துப்போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடம் வேறு யார் கைக்கும் சரியாக வரமாட்டாள் என்று நானே ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தேன்.

மறுநாள் அவள் அழகாக நடந்தாள். ஒவ்வொருவர் காலையும் மோந்து, ஒருவரையும் கண்டுகொள்ளாமல் கடந்தாள். கடைசிக்கு முந்தின ஆளிடம் வந்தபோது என் மூச்சு நின்றது. நான் வாரை இழுக்கவில்லை. மூச்சு நின்றால் கையும் நிற்கும், அவ்வளவுதான். அவள் திரும்பி என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிஸ்கட் கொடுத்தேன்.

நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி, "உங்க நாய் இதுவரைக்கும் தப்பே பண்ணதில்லயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அத இங்க உக்கார வெச்சு, தீர்ப்பையும் அதையே சொல்லச் சொல்லிடலாமே" என்றார். நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மேடம் வெளியே வண்டியில் இருந்தாள், நல்லவேளை. நாய் உட்கார்ந்ததை வைத்து ஒரு மனிதனை உள்ளே தள்ள முடியாது என்று சொல்லி அவனை விட்டுவிட்டார்கள். எனக்கு அது மிகவும் வலித்தது. என்னைப் பொய்யன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அதற்குப் பிறகு அந்தத் தையல்காரப் பெண்ணின் அப்பா நாய்க் கொட்டிலுக்கு வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதுவும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து மேடத்தின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "நீ சொல்லிட்டம்மா. உனக்குப் புரிஞ்சது அவங்களுக்குப் புரியல" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது பொய் சொல்லாதுல்ல சார்?"

"சொல்லாதுங்க."

"அப்ப அவன்தான?"

"அவன்தான்."

இந்த ஒரு வார்த்தையை யோசித்துப் பாருங்கள் அம்மா. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தார். மேடத்துக்கு ரொட்டி கொண்டு வருவார், தடவிக் கொடுப்பார், போய்விடுவார். ஒருநாள் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவன் கடையத் தொறந்துட்டான் சார்" என்றார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைக்கு ஒரு மதிய வேளையில் போனேன். வெயிலுக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வாடிக்கையாளர்கள் அவனைக் கைகழுவி வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தான். ஷட்டரைப் பாதி இறக்கினேன். கையில் இருந்ததை வைத்து முடித்தேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. அந்தப் பெண் எப்படிப் போனாளோ அப்படியே அவனும் போனான். அது சரியாகத்தான் பட்டது.

ஊரில் ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை. கடையில் விசாரிக்க உங்களோடு வந்த அந்த நெட்டை உதவியாளரே, "பீடை தொலஞ்சுதுன்னு விட்டுட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்குப் போயி விசாரணையா" என்று முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. நீங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாய் எங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். என் மச்சானாக இருந்தால் ஒரு காபியைக் குடித்துவிட்டு வழக்கை மூடியிருப்பார்.

அன்று இறந்தவனின் சட்டைக் கழுத்தை நான்தான் மேடத்துக்கு மோக்கக் கொடுத்தேன். பயமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. என் வேலையை நான் எப்போதும் ஒழுங்காகச் செய்கிறவன். அவள் மோந்தாள், கடையை ஒருமுறை சுற்றினாள், திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "மேடத்துக்குப் பசி வந்துருச்சு" என்றார் நெட்டை. நீங்கள் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கை தானாகப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தது. உட்கார்ந்தால் கொடுக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து ஒன்று ஆரம்பித்தது. காலையில் கொட்டிலின் கதவைத் திறந்தால் என்மேல் தாவி ஏறுகிறவள், யாரும் எதையும் மோக்கக் கொடுக்காமலேயே, என் முன்னால் வந்து உட்காருவாள். உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் பிஸ்கட் கொடுப்பேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்காருவாள். வீட்டில் மனைவி அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டினால் சாவி அராவும் சத்தம் கேட்கும். வேண்டாம், நிறுத்து என்பேன். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். கண்ணை மூடினால் மேடம் உட்கார்ந்திருப்பாள். திறந்தாலும் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்திருப்பதாகவே இருக்கும். சொந்த வீட்டில் சுவரை ஒட்டி நடக்கப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் நீங்கள் அந்த வரிசையை நிறுத்தினீர்கள். கொட்டிலின் முற்றத்தில் சமையல்காரர், ஓட்டுநர்கள், நடுவில் நான். பூட்டுக்காரனின் சட்டைக் கழுத்தை மோக்கக் கொடுத்து, வேறு பிரிவிலிருந்து ஒரு இளம் பெண் மேடத்தைப் பிடித்து வந்தாள். எங்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது, எதற்காக வந்திருக்கிறாள் என்பதும் தெரியாது. வார் தொளதொளவென்று தொங்கியது. மேடம் அவளுக்கு எவ்வளவு ஒழுங்காக நடந்தாள் என்பதைப் பார்த்தீர்கள் அல்லவா? எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அழுதேன் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருப்பார்கள். அழுதது உண்மை, ஆனால் அது பெருமையில் வந்த அழுகை.

அரசு கொடுத்த வக்கீல் எனக்கு வழி சொன்னார். நாய் உட்கார்ந்ததெல்லாம் சாட்சியே இல்லை, போன தடவையே நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, நாய் தப்புப் பண்ணிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள், வெளியே வந்துவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். கணக்கு எளிமையானது. என் விஷயத்தில் அவள் தவறினாள் என்றால் அவன் விஷயத்திலும் தவறியிருக்கலாம். என் விஷயத்தில் அவள் சொன்னது சரி என்றால், அவன் விஷயத்திலும் சரி. அதனால்தான் இங்கே வந்து, யாரும் அடிக்காமல் மிரட்டாமல் ஒப்புக்கொள்கிறேன். நான் தூக்கில் தொங்கினால் மேடம் ஜெயித்தாள் என்று அர்த்தம்.

இதைச் சொன்னபோது நீங்கள், "அன்னிக்கு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். இப்ப நாயப் புடிச்சுட்டு வந்த பொண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றீர்கள். அடுத்து, தையல்காரப் பெண்ணின் துணி இருந்த ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, வரிசை முடிந்து மறுபடி வைத்த முத்திரை ஏன் உடைந்திருக்கிறது என்று கேட்டீர்கள்.

உடைத்தது நான்தான். விசாரிக்காமல் ஒருவனைக் கொல்கிற ஆள் இல்லை நான். கடைக்கு நான் தனியாகப் போகவில்லை. ஜாடியை எடுத்துக்கொண்டேன், மேடத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். வார் பேசியது என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக வாரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டேன். கையில் இருந்தது என்று சொன்னேனே, அது இதுதான். அவன் பயந்துபோய் எழுந்து நின்றான். "சுவரோரமா நில்லு, ஒருதடவ பாத்துட்டுப் போயிடறோம்" என்றேன். நின்றான். நாய்க்குத் தண்ணீர் வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மேடம் துணியை மோந்தாள். அவன் காலை, முழங்காலை, எண்ணெய்க் கறை படிந்த கைகளை, ஒவ்வொரு விரலாக மோந்தாள். நடுவில் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தேன். அவள் அவனைவிட்டு விலகிப் போய், வாசலில் ஷட்டர் நிழலில் படுத்துவிட்டாள். முகத்தை முன்கால்களில் வைத்துக்கொண்டாள்.

ஒருமுறை அந்த வரிசையில் நின்றவன் இல்லையா, அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

"உக்காரல சார்" என்றான். "பாத்தீங்கல்ல சார்? உக்காரல." அழ ஆரம்பித்தான். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "இத வந்து சொல்லுவீங்கல்ல சார்? எல்லார்கிட்டயும் வேணாம். அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட மட்டும்."

"சொல்றேன்" என்றேன்.

முகத்தைத் துடைக்கத் துணி தேடித் திரும்பினான். கடையில் எண்ணெய் நாற்றம் அதிகம், அது அவள் மூக்கைக் கெடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றி முடிப்பதற்குள் வார் அவன் கழுத்தில் இருந்தது. எல்லாம் அடங்கிய பிறகு அதே வாரை மேடத்தின் பட்டையில் மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்தப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டிவிடுங்கள் அம்மா. சொல்கிறேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்தேன், கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை.