உயரம் போட்டியா?

ராத்திரி ஷிப்ட் முடித்து, ஒரகடத்தில் ஏறிய பஸ்ஸில் நான் தூங்கிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் ஒருத்தன், "உயரம் போட்டியா?" என்று கேட்டதில் முழிப்பு வந்துவிட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தால், கேட்டவன் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு அண்ணன், பக்கத்தில் காலேஜ் போகிற தங்கச்சி. அவள் ஃபோனில் ரெஸ்யூம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப்புக்கு உயரம் எதுக்குண்ணா? மூட்டை தூக்கவா போறேன்?"

"எங்களை உயரம் பார்த்துதான் அசெம்ப்ளி லைன்ல நிக்க வெச்சாங்க. சரி வுடு. ரெபரன்ஸ்னு கீதே, அதுல என் பேரைப் போடு. லைன் லீடர்னு."

"வேணாண்ணா."

"ஏன், வெக்கமா கீதா?"

"உன் கம்பெனிக்கு ஃபோன் பண்ணிக் கேப்பாங்க. போன மாசமே வேலையை வுட்டு எடுத்துட்டோம்னு சொல்லுவாங்க."

"உனக்கு யாரு சொன்னது?"

"தினம் யூனிஃபார்ம் மாட்டிக்கினு கெளம்புற. சாயங்காலம் ஒரு சொட்டு ஆயில் கறை இல்லாம வர்ற. துவைக்கிற அம்மாவுக்குத் தெரியாதா?"

பஸ் பென்னலூர் தாண்டியது.

"எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடு" என்றான்.

"இன்னா தெரியும்னு போடட்டும்?"

"ஒம்போது வருஷமா கார் கதவு மாட்டினேன். இடது பக்கக் கதவு."

அவள் அடித்தாள். "அப்புறம்?"

ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னான். "உயரம் போட்டுக்கோ."

நான் இருபத்திரண்டு வருஷமாக பம்பர் மாட்டுகிறவன். சீட்டில் சரிந்து கிடந்தவன், சத்தமில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.