கடைசி அடியில் என் பெயர்

கீபோர்டு வாசிக்கிறவனுக்கு முதலில் இடுப்புதான் போகும், மேடம். விரலெல்லாம் நன்றாகவே இருக்கும். ஊர் ஊராகக் கோயில் ஜாத்திரைகளுக்கு டெம்போவின் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்து போய் வந்ததில், எழுந்து நிற்கவே எனக்கு இன்னொருவர் கை தேவைப்பட்டது. அந்தக் கை பெரும்பாலும் ஏழுமலை அண்ணாவுடையதுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது.

சித்தூர் பக்கத்து கங்கம்மா கோயில் ஜாத்திரைகளில் அவர் பாடுவார், நான் வாசிப்பேன். பாட்டெல்லாம் அவரே கட்டுவது. எங்கள் எல்லையோர ஊர்களில் பேசுகிற மாதிரியே பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஒன்றையும் எழுதி வைக்க மாட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி அடியில், பாடுகிற இடத்தின் பெயரும் பாடச் சொன்னவர் பெயரும் வரும். ஊர் மாறினால் அடியும் மாறும். ஜனங்கள் அந்த அடிக்காகவே நின்று கேட்பார்கள்.

இடுப்பு போனதும் திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் அறை எடுத்து 'தணிகா ஆடியோ' ஆரம்பித்தேன். பாட்டை இணையத்தில் வெளியிடுவது, வேறு யாராவது அதை எடுத்துப் போட்டால் உரிமை கேட்டு நீக்க வைப்பது, இதுதான் தொழில். உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

அண்ணா பாடின பழைய பதிவுகள் என்னிடம் நிறைய இருந்தன. கடைசி அடியை மட்டும் வெட்டிவிட்டு வெளியிட்டேன். ஒரு ஊரின் பெயர் வந்தால் அடுத்த ஊர்க்காரன் கேட்க மாட்டான், அதனால்தான். பாடல், இசை என்ற இரண்டு இடத்திலும் என் பெயரைப் போட்டேன். ஆதார் கொண்டா, போட்டோ கொண்டா என்று வயதான மனுஷனை அலைய வைப்பானேன்?

கங்கம்மா டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை வம்புக்கு இழுக்கிற பாட்டு ஒன்று உண்டு. அது பிய்த்துக்கொண்டு போனது. கல்யாண மண்டபங்களில்கூடப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் அண்ணாவின் மகள் பிரமிளா, மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண், தன் அப்பா அதே பாட்டை ஜாத்திரையில் பாடுவதைப் படம் பிடித்துப் போட்டது. மறுநாளே அந்த வீடியோ காணாமல் போனது. நான் எதுவும் செய்யவில்லை மேடம், கம்ப்யூட்டர் தானாகவே செய்வது.

அண்ணா பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார்.

"இன்னாடா தணிகா, எம் பாட்ட நானே பாடக் கூடாதாமே?"

"பாடலாம்ணா. நெட்டுல போடத்தான் கூடாது."

"நல்லா கீதுடா. நாளைக்கு அந்த கங்கம்மாவே வந்து பாடினாலும் அவகிட்டயும் டிக்கெட் கேப்ப நீ."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பணம் கிணம் வேணாண்டா. பாட்டுக்குக் கீழ எம் பேரப் போடு. நைனா, நெசமாவே நீ கட்டுனதுதானான்னு பிரமிளா கேக்குது. பெத்த பொண்ணுக்கே சந்தேகம் வந்துட்ச்சி பாரு."

போடுகிறேன் என்றேன். போடுகிற எண்ணமும் இருந்தது. அதற்குள் ஹைதராபாத்தில் ஒரு படக் கம்பெனி பாட்டைக் கேட்டுக் கூப்பிட்டது. அவர்களுடைய வக்கீல் நளினி ரொம்பத் தெளிவான அம்மா. இது தன் அப்பா பாடுகிற பாட்டு என்று பிரமிளா அவர்களுக்கும் எழுதிப் போட்டிருந்ததாம். பாட்டு ஏழுமலையுடையது என்றால் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம், நாட்டுப்பாடல் என்றால் தொகுத்தவர் என்று உங்கள் பெயர் வரும், இரண்டில் எது என்றார். நாட்டுப்பாடல்தான் என்றேன். கட்டினவர் உயிரோடு பாடிக்கொண்டிருக்கும்போது அது எப்படி நாட்டுப்பாடல் ஆகும் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தொழில் முறையில் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டு மக்கள் சொத்தாவதற்கு ஒரே ஒரு ஆள்தான் குறுக்கே இருந்தார். அவருக்குப் பிறகு மகள் வந்து பேசலாம். ஆனால் எழுத்தில் ஒன்றும் கிடையாது, மகளுக்கே சந்தேகம் வேறு.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். சந்திரகிரியில் ஒரு வீடியோ எடுப்போம், உன் பெயரைப் பெரிதாகப் போடுகிறேன், பிரமிளாவிடம் இப்போது சொல்லாதே, படம் வந்ததும் காட்டி அசத்தலாம் என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். மகளிடம் சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

கோட்டைக்குப் பின்னால் பாறை மேல் ஏறினோம். என் இடுப்புக்காக அவர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கீழே பார்த்தால் தலை சுற்றும்.

"வர்ற வழியில மாங்கா லாரி கவுந்துட்ச்சிடா. கண்டக்டரே எறங்கிப் பொறுக்கிக்கினு கீறான். பஸ்லயே ஒரு பாட்டு கட்டிட்டேன், கேக்கறியா?"

பாடச் சொன்னேன். போனில் பதிவு செய்தேன். அவர் கட்டினதிலேயே அதுதான் சிறந்தது. கடைசி அடி வந்தது.

"சந்திரகிரிப் பாற மேல சாயங்கால வெயிலுல
தணிகாசலம் கேட்டதால ஏழுமல பாடுறேன்."

"வந்துச்சாடா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நல்லா வந்துச்சுண்ணா."

பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். விழுந்திருந்தது. அதன் பிறகுதான் தள்ளினேன். அந்த விஷயத்தில் நான் அவசரப்படவில்லை.

கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் அவரைப் பார்த்தே பல மாதம் ஆகிறது என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னேன். காரியத்தன்று இடுப்பு வலியோடு உட்கார்ந்து அவர் பாட்டுகளை வாசித்தேன். பிரமிளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

படக் கம்பெனி வேலை முடிந்ததும் மாங்காய் லாரிப் பாட்டை எடுத்தேன். வழக்கம்போல் கடைசி அடியை வெட்டத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பாட்டில் ஊர் பிரசிடெண்டுகள் வந்திருக்கிறார்கள், சாராயக்கடைக்காரர் வந்திருக்கிறார், ஒரு கறிக்கடைக்காரர்கூட வந்திருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்த நான் ஒரு தடவைகூட வரவில்லை. முதல் தடவையாக வந்த பெயரை எப்படி வெட்டுவது? அப்படியே வெளியிட்டேன்.

ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் யாரோ போனில் போட, பிரமிளா கேட்டிருக்கிறது. மாங்காய் லாரி கவிழ்ந்தது எந்த நாள் என்று சித்தூரில் எல்லோருக்கும் தெரியும். தன் அப்பா போன நாள் எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நாள். இப்போது அதற்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு விதத்தில் அண்ணா கேட்டதை நான் செய்துகொடுத்துவிட்டேன்.

நீங்கள் இதையெல்லாம் தெலுங்கில் எழுதிக்கொள்வீர்கள், சரி. என் வார்த்தைகளை மட்டும் மாற்றாதீர்கள். கீழே என் பெயரை இனிஷியலோடு முழுதாகப் போடுங்கள். ஒருவன் சொன்னதை இன்னொருவன் பெயரில் போடுவது எனக்குப் பிடிக்காது, மேடம்.