மத்தியான நடை

— ஏழு... எட்டு... இன்னும் ரெண்டுதான். குதிகாலத் தரையிலேருந்து எடுக்காமப் பின்னால இழுங்க. இழுங்கன்னா!

— போதும்ட்டி கற்பகம். உயிர் போகுது.

— உயிரெல்லாம் போகாது. மடக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்னு தன்யா சொல்லிட்டுப் போனாள்லா? ஒம்பது...

— அவளுக்கென்ன, பயிற்சி சொல்லிக் குடுக்க வந்த சின்னப் பிள்ள. முட்டிய அறுத்து இரும்பு வெச்சது எனக்குல்லா.

— பத்து. போதும். கால நீட்டுங்க. தலகாணிய முட்டிக்கடியில திணிக்காதீங்க, குதிகாலுக்கு அடியில வைங்க. எத்தன தடவதான் சொல்லுதது. இந்தாங்க ஐஸ்.

— ஸ்ஸ்... மெதுவா. ஏட்டி, இன்னைக்கு நீ வேலைக்குப் போகலியா? நா முழிச்சதுலேருந்து கேக்கணும்னு இருக்கேன்.

— போனேன். எர்ணாகுளத்துல பஸ்ஸ விட்டு எறங்கி ஹாஸ்டல் வாசல் வரைக்கும் போனேன். கிச்சன்ல லீவு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். ஒண்ணரைக்கு வந்து பாத்தா நீங்க மாத்திரையப் போட்டுட்டுக் கொறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க.

— என்னத்துக்கு லீவு? எனக்கு ஒரு மண்ணும் இல்லியே.

— உங்களக் காவல் காக்க.

— காவலா! இந்தக் காலோட எங்க ஓடிரப் போறேன்?

— சிரிக்காதீங்க. சனிக்கிழம தன்யா என்னையப் படிக்கட்டுல நிறுத்தி வெச்சு ஏசுனா. ‘சேச்சி, ஆபரேசன் கழிஞ்சு அஞ்சு வாரமாச்சு, முட்டு எழுபது டிகிரிதான் மடங்குது, தொண்ணூறு தாண்டியிருக்கணும். சேட்டன் முழுநேரமும் படுத்தே கிடப்பாணோ? இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா, மறுபடி மயக்கம் குடுத்து டாக்டர் கையால பிடிச்சு மடக்கணும்’னு சொல்லிட்டுப் போனா.

— அவ பயமுறுத்துவா. அதுதான அவளுக்கு வேல.

— கேளுங்க. அவளத் தெருமுனையில ஆட்டோ ஏத்திவிட்டுட்டு வாறேன், கீழ் வீட்டு ஹாஜராக்கா பிடிச்சுக்கிட்டா. ‘உன் வீட்டுக்காரன் மத்தியானம் முழுக்க மேல நடந்துக்கிட்டே இருக்கான், கொஞ்சம் படுக்கச் சொல்லு’ங்கா. ஒருத்தி படுத்தே கெடக்கீங்கன்னு சொல்லுதா. ஒருத்தி நடந்துக்கிட்டே இருக்கீங்கன்னு சொல்லுதா. நா யாரு சொல்லுதத நம்ப?

— கற்பகம்! மேல வரலாமா? சாயா கொண்டுவந்தேன்.

— வாங்க ஹாஜராக்கா. உங்களத்தான் பேசிக்கிட்டிருக்கோம். மழையில படி வழுக்கும், கயித்தப் பிடிச்சுக்கிட்டு வாங்க.

— பேசுங்க, பேசுங்க. இசக்கியண்ணே, கோவிக்கக் கூடாது கேட்டோ. நா கல்யாணமாகி இந்தக் கொச்சங்காடிக்கு வந்து நாப்பது வருசம். மேல இருக்கிறது மரப் பலகை, ஒரு எலி ஓடினாலும் எனக்குத் தெரியும். மத்தியானம் லுஹர் தொழுது சோறு தின்னு செத்த சாயலாம்னு பாத்தா, அப்பத்தான் நீங்க தொடங்குறீங்க. சாயங்கால அசர் பாங்கு வரைக்கும் நடை. என் அரிசிப் பானையில மேலேருந்து தூசி விழுது.

— ஹாஜராக்கா, நா நடக்கல. சத்தியமா நடக்கல.

— பின்னே ஏதாவது ஜின் பிசாசா நடக்குது? கால் மாத்தினவங்க நடக்க வேண்டாம்னு நா சொல்லலையே. எங்க மாமிக்கும் ரெண்டு முட்டும் மாத்தினதுதான். பத்து நிமிசம் நடப்பாங்க, ஒரு மணிநேரம் கால உயத்தி வெச்சுப் படுப்பாங்க. இப்ப பாருங்க, மார்க்கெட்டுக்கெல்லாம் தனியாப் போறாங்க. நீங்க ஒரேயடியா நடந்தா உள்ள வெச்சது என்னத்துக்காகும்?

— நா மத்தியானம் தூங்குதேன்க்கா. மாத்திரையப் போட்டா எனக்கு ஒண்ணுந் தெரியாது.

— கற்பகம், நீ இன்னைக்கு வீட்டுலதானே இருந்தே? இன்னைக்கும் நடை கேட்டுச்சே. நீ பாத்திருப்பியே.

— பாத்தேன்க்கா.

— ஆ, அப்ப நீயே சொல்லு உன் ஆளுக்கு.

— நா பேசிக்கிடுதேன்க்கா. நீங்க போங்க, சாயா கிளாஸ நா பெறகு கொண்டாந்து தாறேன்.

— என்ன, உன் கை இப்படிக் குளுந்து கெடக்கு? மழையில நனைஞ்சியா?

— ஐஸ் எடுத்தேம்லா, அதான். பாத்து எறங்குங்க.

— ஏட்டி, என்னத்தப் பாத்த? சொல்லு.

— சாயாவக் குடிங்க மொதல்ல.

— சாயா கெடக்கட்டும். என்னத்தப் பாத்த?

— நா கேக்குததுக்கு நீங்க மொதல்ல பதில் சொல்லுங்க. தன்யா எழுதிக் குடுத்த பயிற்சிய, நா வேலைக்குப் போன பெறகு ஒருநாளாவது செஞ்சீங்களா? அந்தப் பக்கம் திரும்பாதீங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க.

— செய்யல.

— ஏன்?

— பயந்துட்டேன்.

— விழுந்துருவோம்னா?

— அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. மொத வாரம் நல்லாத்தான் நடந்தேன். வாக்கரப் பிடிச்சுக்கிட்டு, கட்டில்லேருந்து சன்னல் வரைக்கும். மூணாவது நாளோ நாலாவது நாளோ, நா ஒரு எட்டு வெச்சா பின்னால இன்னொரு எட்டு கேட்டுது. நின்னேன். அதுவும் நின்னுது. திரும்பிப் பாக்கலாம்னா வாக்கரோட சட்டுனு திரும்ப முடியல.

— திரும்புனப்ப?

— ஒண்ணுமில்ல. வெறும் பலகைதான். ஆனா அந்தச் சத்தம் காதுலயே நிக்குது. ஈரக்கால பலகையில வெச்சு எடுத்தா ஒட்டிப் பிரியுமே, அந்த மாதிரி. அதுலேருந்து நீ அங்கிட்டுப் போனதும் சோத்தத் தின்னு, மாத்திரையப் போட்டு, போத்திக்கிட்டுப் படுத்துருவேன். தூக்கத்துலயும் கேக்குது.

— அஞ்சு வாரமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— என்னன்னு சொல்ல? குவிண்டால் மூட்டையத் தலையில தூக்கிட்டு ஓடுனவன், ஒரு காலடிச் சத்தத்துக்குப் போத்திக்கிட்டுக் கெடக்கேன்னா?

— சரி, இனிமே போத்திக்கிட வேண்டாம். அது நீங்கதான்.

— என்னது?

— ரெண்டு மணிக்கு எந்திரிச்சீங்க. கண்ணு மூடியிருந்துது. தூக்கத்துல நடக்கீங்க.

— நானா? ஏட்டி, நெசமாவா?

— ம்.

— அட! அப்ப நாந்தானா? இத்தன நாளும் நடந்தது நாந்தானா! இந்தா பாரு, நெஞ்சுலேருந்து பாறாங்கல்ல எறக்குன மாதிரி இருக்கு. தூக்கத்துல நடக்குத சீக்குக்கு மருந்து இருக்கும்லா? தன்யாகிட்ட கேளு. மொத வாரம் கேட்டது பலகை நெளிஞ்ச சத்தமாத்தான் இருக்கும். அந்தச் சாயாவ இங்கிட்டுக் குடு. ஏட்டி, வாக்கரப் பிடிச்சுக்கிட்டா நடந்தேன்?

— இல்ல.

— வெறுங்கையோடயா! நொண்டுனேனா?

— நொண்டல.

— பாத்தியா, முட்டி நல்லாத்தான் இருக்கு. தன்யா அளந்த அளவுதான் தப்பு.

— ஆனா அது உங்க நடை மாதிரி இல்ல.

— பின்ன எப்படி?

— எடது பாதத்த வெளிப்பக்கமாத் திருப்பி வெச்சு, வலது தோள் சாஞ்சு. தலையில மூட்ட இருக்கிற மாதிரி கழுத்த நேரா வெச்சுக்கிட்டு. காயல் பக்கத்துச் சன்னல் வரைக்கும் போறது. அங்க குனிஞ்சு தண்ணியப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறது. பெறகு திரும்பி வந்து கட்டில் கால்மாட்டுல உக்காருறது. கொஞ்சநேரம் இருந்துட்டு மறுபடியும் எந்திரிச்சு... சாயா சிந்துது பாருங்க.

— எந்தக் கைய நீட்டுனேன்?

— வலது கை. வெரல விரிச்சுக்கிட்டு.

— பேசுனேனா? ஏதாவது சொன்னேனா?

— இல்ல. வாய் மட்டும் தெறந்து தெறந்து மூடிச்சு.

— கற்பகம், அந்தச் சன்னலச் சாத்து.

— சாரல் உள்ள வரல. இருக்கட்டும்.

— சாத்துட்டி!

— மாட்டேன். அது யாரு நடைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் தெரியும். கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா? எங்க முப்பிடாதி அண்ணன் நடை அது.

— பேரச் சொல்லாத.

— அண்ணன் போயி பதினாறு வருசமாச்சு. உங்களத் தமிழ்நாட்டுலேருந்து கூட்டியாந்து சொமட்டு வேலையில சேத்துவிட்டதே அண்ணன்தான். ரெண்டு பேரும் ஒரே சட்டியில சோறு தின்னீங்க. அண்ணன் எதுக்கு உங்கள வந்து பிடிக்கணும்?

— எனக்கு என்ன தெரியும்?

— தெரியும். உங்க மொகத்துல எழுதியிருக்கு.

— ஆடி மாசம். பஜார் ரோட்டுக்குப் பின்னால, இதே மாதிரி மழை. வள்ளத்துலேருந்து அரிசி எறக்கிக்கிட்டிருந்தோம்...

— அது எனக்குத் தெரிஞ்ச கததான். பலகை வழுக்கி அண்ணன் மூட்டையோட தண்ணியில விழுந்துச்சு, வள்ளத்துக்கும் கரைச் சுவத்துக்கும் நடுவுல. காப்பாத்த எறங்கப் போன உங்களுக்கு முட்டி பெரண்டு, படியிலயே உக்காந்துட்டீங்க. எங்கம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, உன் மாப்பிள்ள எங்க நின்னாருன்னு கேட்டப்ப, நாந்தான் அவளுக்குச் சொன்னேன். அவரு கால் மட்டும் நல்லா இருந்திருந்தா அண்ணன் உயிரோட இருந்திருக்கும், அம்மான்னு சொன்னேன்.

— பெரளல.

— என்ன?

— முட்டி பெரளல. அன்னைக்கு இந்தக் காலுக்கு ஒரு மண்ணும் ஆகல.

— மெதுவா. திரும்பச் சொல்லுங்க.

— அவன் தலை ஒரு தடவ மேல வந்துச்சு. என்னையப் பாத்தான். வலது கைய நீட்டுனான். நா படியில நின்னேன், மூணு முழந்தான் இருக்கும், குனிஞ்சா எட்டியிருக்கும். வள்ளம் ஆடிக்கிட்டிருந்துச்சு. அது சுவத்துல வந்து இடிச்சா என் கை நசுங்கிரும்னு தோணுச்சு. அவ்வளவுதான் கற்பகம், அவ்வளவுதான் நெனச்சேன். ஐயோ என் முட்டின்னு கத்திக்கிட்டு உக்காந்துட்டேன்.

— ம்.

— அதோட போயிருந்தாலும் பரவால்ல. சத்தங் கேட்டு, எங்க கூட மூட்ட தூக்குன தங்கதுரையும் ரமேஷ்பாபுவும் ஓடியாந்தானுங்க. ரெண்டு பேரும் நல்லா நீச்சல் தெரிஞ்சவனுங்க. நா கத்துனதுல எனக்குத்தான் அடின்னு நெனச்சு என்னையத் தூக்குனானுங்க. முட்டியத் தடவிப் பாத்தானுங்க. உள்ள மச்சான் கெடக்கான்னு நா சொல்லல. வலிக்குது, வலிக்குதுன்னேன். முன்னமே கத்திட்ட பெறகு அத எப்படி நிறுத்தன்னு தெரியல. அவனுங்களாத் திரும்பித் தண்ணியப் பாத்தப்ப, அவன் தலையில கட்டியிருந்த துண்டுதான் மெதந்துச்சு.

— பதினாறு வருசமா அந்த முட்டிக்கு எண்ண தேச்சிருக்கேன் நான்.

— நெசமாவே வலி வந்தது மூணு வருசங் கழிச்சுத்தான். வந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுட்டி. பொய் சொன்ன மாதிரி இல்லாமப் போச்சேன்னு. ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொன்னப்ப, அறுத்துத் தூரப் போட்டுருவாங்க, அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இப்பப் பாரு, புது முட்டி வெச்சதும் அவன் எனக்குள்ள எறங்கி நடக்கான்.

— அழாதீங்க.

— நீ அழலியே. ஏன் அழ மாட்டேங்கே? என்னைய ஏசு. அடி.

— எனக்கு இப்ப ஒண்ணும் வரல.

— நாளைக்கு ரெண்டு மணிக்கு முன்னாலயே என்னையக் கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டுரு. என்ன கத்துனாலும் அவுக்காத. எந்திரிச்சு அந்தச் சன்னல்கிட்ட போக விடாத கற்பகம்.

— கட்ட வேண்டாம்.

— போயிருவேன்ட்டி! இன்னைக்குப் போன மாதிரி நாளைக்கும் எந்திரிச்சுப் போயிருவேன்.

— இன்னைக்கு நீங்க எந்திரிக்கவே இல்ல.

— நீதான சொன்ன, கண்ண மூடிக்கிட்டு நடந்தேன்னு?

— அது நீங்களா இருந்துறணுமேன்னு சொன்னேன். ரெண்டு மணியிலேருந்து பாங்கு சொல்லுத வரைக்கும் நா உங்க கையப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தேன். அண்ணன் கால்மாட்டுல வந்து வந்து உக்காந்து உங்க முட்டியவே பாத்துக்கிட்டிருந்துச்சு, என்னத்துக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.