ஹீட்டரைக் கட்டிக்கொண்ட மீன்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் அமர்ந்திருந்த இளம் தம்பதியர் பேசியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உங்கள் முன் வைக்கிறேன். கணவரின் மடியில், மீன்தொட்டி நீரில் கரைப்பதற்கான உப்புப் பொதி இருந்தது.

“இன்னிக்கும் அது ஹீட்டரக் கட்டிப்புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குச்சுங்க,” என்றார் மனைவி.

“கோமாளி மீனுன்னா அனிமோனுங்குற கடல்சாமந்திக்குள்ளதான் இருக்கணும். அது பூவாட்டம் விரிஞ்சி கெடக்கு. மீனு திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது.”

“இந்தக் குளிருக்கு நானும் ஹீட்டரத்தான் கட்டிப்பேன்.”

“சும்மா இரு புள்ள. மீனு அனிமோனுக்குள்ள இருக்குற படத்தக்கூடத் தொட்டியில ஒட்டிப் பாத்துட்டேன்.”

“படம் ஒட்டுனது சரி. தெனம் காலையில வலையால அத அங்கிட்டுத் தள்ளுறீங்களே, அதுதான் சரியில்ல. செட்டை கிழிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு தரம் தள்ளுனா செத்துரும்.”

கணவர் உப்புப் பொதியின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். மனைவியே தொடர்ந்தார்:

“கல்யாணம் கட்டி வந்து மூணு மாசம் நான் ஒங்க வீட்டு அடுப்படிப் பக்கமே போகல. அத்த கூப்புடவும் இல்ல, ஏசவும் இல்ல. ஒருநாளு நானாத்தான் போயி தேத்தண்ணி ஊத்துனேன். நீங்க மூணு கோப்ப குடிச்சீங்க.”

“நாலு.”

மேடைகளில் எத்தனையோ வாதங்களை முறியடித்தவன் நான். இந்த வாதத்துக்கு மனத்துக்குள்ளேயே வெற்றிப் பரிசை வழங்கிவிட்டேன்.

நோர்வூட்டில் பேருந்து நின்று இரைச்சல் அடங்கியதைக் கணவர் கவனிக்கவில்லை. உரத்த குரலில் அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது:

“சரி தாயி, இனி வலையத் தொடவே மாட்டேன். அது ஹீட்டரோடயே குடும்பம் நடத்துனாலும் சரி!”