நடு விலகாத பந்து

இருந்து பேச எனக்கு வராது, ஐயா. நின்றுகொண்டே சொல்கிறேன். வேலைத்தலத்திலும் நான் உட்கார்ந்திருந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் கதிரையில் எப்போதும் பெட்டிகள்தான் இருக்கும். நீங்கள் எழுதுங்கள். நான் அங்குமிங்கும் நடப்பது இடைஞ்சல் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

பெயர் அன்ரோனெற். வயது நாற்பத்தொன்று. ஊர் வங்காலை. இரசாயனம் படித்தேன். கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இறப்பர்க் கலவை பார்த்தேன். மர்சூக் முதலாளி பேசாலைப் பாதையில் கோல்ஃப் பந்து செய்யப்போகிறார் என்று கேள்விப்பட்டபோது ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். மன்னாரில் எவர் கோல்ஃப் விளையாடுகிறார்? இங்கே வீசுகிற காற்றுக்கு, அடித்த பந்து அடித்தவர் காலடிக்கே திரும்பி வந்துவிடும். நான் சிரிக்கவில்லை. அந்தப் பந்தை ஒருமுறை வெட்டிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

நடுவால் அறுத்தால் உள்ளே இறப்பர்க் கரு தெரியும். அதைச் சுற்றி மெல்லிய, விறைத்த ஓடு. அதற்கு மேல் வெள்ளைத் தோல், தோல் முழுக்க முந்நூற்றுச் சொச்சம் சிறு குழிகள். குழி இல்லாவிட்டால் பந்து பாதித் தூரம்தான் போகும். நடு ஓட்டுக்கு மற்ற நாடுகளில் ஒருவகைப் பிளாஸ்ரிக் பாவிக்கிறார்கள். நான் நண்டுக்கோது பாவித்தேன். கரையில் நண்டு உடைக்கிற வாடிக் கொட்டில்களுக்குப் பின்னால் கோது குவிந்து நாறிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கழுவி, காயவைத்து, மாவாக அரைத்து, பிசினோடு சேர்த்தால் ஓடு கல்லுப்போல வரும். அது முழுக்க முழுக்க என்னுடைய யோசனை. இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் நான் ஒரு பிடி சோற்றைக்கூட அமைதியாகச் சாப்பிட்டது கிடையாது. கோயிலில் பூசை நடக்கும்போதும் என் விரல்கள் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று மாதிரி கேட்டது. பந்து பறந்த விதம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரேயொரு நிபந்தனை. நூறு பந்தில் நடு விலகியது ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களிடம் இருபதுக்கு மேல் இருந்தது. அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் முதலாளி கதவைப் பூட்டிவிடுவார், அங்கே வேலை செய்யும் முப்பத்திரண்டு பெண்களும் திரும்ப நண்டு உடைக்கப் போக வேண்டும்.

நடு விலகுவது என்றால், தோல் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் வந்து, கரு ஒதுங்கிப்போவது. அப்படியான பந்து நேரே போகாது. கண்டுபிடிப்பது சுலபம். உப்பு விளையப் போகிற நேரத்து உப்பளத் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்துப் பந்தைப் போட்டால் மிதக்கும். சுழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் மேலே வந்து நின்றால் பந்து பழுது. நல்ல பந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் காட்டி நிற்கும். நான் மணித்தியாலக் கணக்கில் அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரே பக்கம் திரும்பவும் திரும்பவும் மேலே வரும்போது என் தோலுக்குள் எறும்பு ஊருவது போல இருக்கும். மன்னிக்க வேண்டும், ஐயா, உங்கள் தண்ணீர்க் கிளாஸ் மேசை ஓரத்தில் இருக்கிறது. உள்ளே தள்ளிவிடுகிறேன்.

வெள்ளைத் தோலை வார்ப்பதற்கு இரண்டு திரவங்கள். பெண்கள் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்பார்கள். கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கும். இறுகும்போது சரியான ஒரு கணம் வரும். அதற்கு முந்திக் கருவை உள்ளே இறக்கினால் அது அமிழ்ந்துபோகும். பிந்தினால் மேலே தங்கிவிடும். பெரிய நாடுகளில் அந்தக் கணத்தைப் பிடிக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் முஸ்பிரா இருந்தாள்.

எருக்கலம்பிட்டிப் பெண். இருபத்தொன்பது வயது. கணவர் நௌஷாட் கடலுக்கடியில் இறங்கிக் கடலட்டை பிடிக்கிறவர். வார்ப்பு அறைக்கு வந்த முதல் கிழமையே அவள் செய்த நூறில் நாலுதான் விலகியது. நான் வாளிக்கும் அவளுக்கும் இடையில் ஓடி ஓடிப் பார்த்தேன்.

"எப்பிடி முஸ்பிரா உனக்குத் தெரியுது?"

"மணம் மாறுது மிஸ். முதல்ல பழுத்த பழம் மாதிரி இனிப்பா வரும். பிறகு டக்கெண்டு நிக்கும். நிக்கிற நேரம் இறக்கினாச் சரி."

அச்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். வேறு யாருக்கும் அந்த மூக்கு இல்லை. நானும் முயன்று பார்த்தேன். எனக்குத் தலையிடிதான் வந்தது.

இரண்டாம் நம்பர் பீப்பாயோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்திருந்தது. அதில் ஒரு வரி: மணம் தெரிகிறதென்றால் காற்றில் நச்சு ஏற்கெனவே அளவு தாண்டிவிட்டது. இன்னொரு வரி: நெஞ்சு ஒருமுறை இதற்குக் கெட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை நிறுத்தலாம். அந்தத் தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியது நான்தான். கையுறை போடவும், கண்ணில் பட்டால் கழுவவும், நெருப்புக் கிட்ட வேண்டாம் என்றெல்லாம் எழுதினேன். அந்த இரண்டு வரியையும் எழுதவில்லை. சுவரில் இடமும் குறைவாக இருந்தது.

மர்சூக் முதலாளி நல்ல மனிதர். யாரோ சொன்னார்கள் என்று வார்ப்பு அறைக்கு இரண்டு முகமூடி வாங்கிவந்தார். இறப்பர் முகமூடி. இரண்டு கன்னத்திலும் வட்டப் பேணி, பேணிக்குள் நச்சை உறிஞ்சும் கரி. முஸ்பிரா ஒன்றை ஆசையாகப் போட்டுக்கொண்டாள். அன்று நூறுக்குப் பத்தொன்பது விலகியது.

"மிஸ், இதப் போட்டா ஒண்டும் மணக்குதில்ல. கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருக்கு."

கழற்றி வை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி கண்டால் ஏசுவார். அதோடு, அதைப் போட்டிருப்பது அவளுக்கு ஒரு ஆறுதல். ஒருவருடைய ஆறுதலைப் பறிப்பது சரியல்ல. வேலை விட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிற வான் வண்டியில் ஏறியபிறகு இரண்டு பேணியையும் திறந்து கரியைக் கொட்டினேன். பஞ்சு அடைத்து மூடினேன். மறுநாள் மூன்றுதான் விலகியது.

"பழகிட்டுது மிஸ்," என்று சந்தோசமாகச் சொன்னாள்.

ஆறாவது கிழமை இருமல் தொடங்கியது. நான் கண்டும் காணாததுபோல இருக்கவில்லை. கொப்பியில் விலகிய பந்துக்குப் பக்கத்தில் அவள் எத்தனை தரம் இருமினாள் என்பதையும் குறித்து வந்தேன். அவள் எவ்வளவு கிட்டக் குனிந்தாளோ அவ்வளவுக்குப் பந்து திருந்தியது, இருமலும் கூடியது. அதைப் பார்த்து நான் கவலைப்பட்டேன். கவலைப்பட்டபடியால்தான் அவளுக்கு இழுப்புக்காரர் பாவிக்கிற நீல நிறப் பம்ப் வாங்கிக் கொடுத்தேன். வாய்க்குள் இரண்டு தரம் அடித்தால் ஒரு மணித்தியாலம் வேலை செய்வாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வேறு எந்த வேலைத்தலத்தில் மேலதிகாரி மருந்து வாங்கிக் கொடுக்கிறார்?

பிறகு அவள் ஒரு கடிதத்தோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் எழுதியது.

"மிஸ், இத முதலாளிட்டக் குடுக்கட்டாம். இரண்டாம் நம்பராலதான் எனக்கு இப்பிடி வருகுதாம். என்னய பொதி கட்டுற பக்கம் மாத்தி விடுங்கோ. ராவில படுக்க ஏலாம இருக்கு."

"நான் குடுக்கிறன். மாதிரிப் பந்து போகட்டும். ஒரு கிழமை பொறு."

"சுவரில ஒட்டின கடதாசியில அப்பிடி ஒண்டும் போடல்லயே மிஸ்?"

"டொக்டருக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிதம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். கிழிக்கவில்லை. பிறருடைய கடிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை.

வியாழக்கிழமை. சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பந்தின் ஈரத் தோலில் ஒட்டும் என்று கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டச் சொன்னேன். மாதிரிக்கு நாற்பத்தெட்டுப் பந்து தேவை. பதினொரு மணிக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது. அவள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மூச்சு வருகுதில்ல மிஸ். நான் வெளிய போறன்."

"பத்துத்தான் இருக்கு முஸ்பிரா. முடிச்சிட்டுப் போ."

கதவுப் பக்கம் இரண்டடி வைத்தாள். அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அவளைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. கதவுக்கு முன்னால் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

பத்தையும் வார்த்தாள். கடைசி அச்சை மூடிவிட்டு நிலத்தில் சரிந்தாள். கூட வேலை செய்யும் றஞ்சிதமும் வான் ஓட்டுகிறவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். றஞ்சிதம் வானுக்குள் இருந்து கூப்பிட்டாள்.

"மிஸ், நீங்களும் வாங்கோ. கையப் பிடிச்சுக்கொண்டாவது இருங்கோ."

அச்சு ஆறுவதற்கு நாற்பது நிமிடம் வேண்டும். இடையில் யாரும் திறந்துவிடக் கூடாது. நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன்னரே முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நேரம் நான் வாளியடியில் நின்றேன். பத்துப் பந்தையும் ஒவ்வொன்றாய்ப் போட்டுச் சுழற்றினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் மேலே வந்தது. ஒன்றுகூட விலகவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கால்கள் ஒரே இடத்தில் நின்றன.

துக்கம் கேட்க மையத்து வீட்டுக்குப் போனேன். நௌஷாட் கதிரை எடுத்துப் போட்டார். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு இருந்திருக்கலாம் என்று நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"அப்பிடி ஒண்டும் இருக்கயில்லயே மிஸ்," என்றார். பிறகு, "உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவா," என்றார்.

முகமூடி அவள் கழுத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து அவளுடைய பைக்குள் வீட்டுக்குப் போய்விட்டது. எல்லாவற்றையும் யோசித்த நான் அதை மட்டும் யோசிக்கவில்லை. நேற்றுத்தான் அந்தப் பையை நௌஷாட் திறந்திருக்கிறார். தண்ணீருக்கடியில் மூச்சுக்கருவியை நம்பி வேலை செய்கிறவருக்கு, முகமூடியைக் கையில் எடுத்ததும் பாரம் போதாது என்று தெரிந்திருக்கும். பேணியைத் திறந்தார். பஞ்சு. இன்று காலை இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உங்களிடம் கொண்டுவந்தார், நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில், ஓம். கரியைக் கொட்டியது நான். அந்த இரண்டு வரிகளை விட்டது நான். கடிதத்தை மறித்தது நான். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது, அவரை அலைக்கழிக்க வேண்டாம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அந்தத் தாளை ஆங்கிலத்தில் வாசித்தது நான் ஒருத்திதானே. ஆனால் கொலை என்று எழுதமுன்னர் ஒன்றை யோசியுங்கள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் என் வேலை விளங்கியது அவள் ஒருத்திக்குத்தான். அவளை நான் மிகவும் மதித்தேன்.

இன்னொன்று. இது நீங்கள் கேட்காதது. கொம்பனி மாதிரியை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டும். முஸ்பிராவின் தங்கை றிஸ்மினா தாராபுரத்தில் இருக்கிறாள். அக்கா இறந்த பதினைந்தாம் நாள் நானே வீடு தேடிப்போய், அவளுடைய வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டேன். "ராத்தா செய்த வேலைதானே மிஸ், நான் வாறன்," என்றாள். அதே கை, அதே மூக்கு. நௌஷாட் இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார். காலை ஏழு மணிக்கே வான் வந்து ஏற்றிவிடும். முதலாளி வாங்கிவந்த இரண்டாவது முகமூடி இப்போது அவளிடம் இருக்கிறது. அவள் வருவதற்கு முதல் நாளே அதையும் திறந்து சரிசெய்துவிட்டேன்.

அவளுக்கு இருமல் இன்னும் பெரிதாக இல்லை. ஆள் அனுப்புவதென்றால் அனுப்புங்கள், நான் மறிக்கவில்லை. போகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. வாளிக்கு மேலே சுவரில் சோக்கால் எழுதியிருக்கும். இன்று காலை முதல் எத்தனை விலகியது என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு வரட்டும்.