வயர்ல ஒரு குத்தமும் இல்ல சார்

கொஞ்சம் காலை நகர்த்துங்க சார், மேஜைக்கு அடியில போகணும். ஆமா, சர்வரைப் பாத்துக்கறவ நான்தானே, நான் வராம வேற யாரு வருவா? இந்தா, வயரு கெட்டியாத்தான் மாட்டியிருக்கு. பாருங்க, இழுத்தாக்கூட வரல.

காலையிலேர்ந்து எத்தனை தடவை கட் ஆச்சு? எண்ணவே முடியலையா? சரி, கட் ஆனப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஃபோன்ல பேசிட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி? டீ எடுக்க எழுந்தீங்க. திரும்பி வந்து பாத்தா வெளியே தள்ளிடுச்சு, மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது, பாதி அடிச்சதும் போச்சு. ம்ம், புரியுது சார். ஐயோ, சிரிக்கல சார். இங்க அடியில ஒரே தூசி.

நம்ம வாயாடி ஞாபகம் இருக்கா? அதான் சார், பில் போடற பொண்ணு. பிரசவத்துக்கு அப்புறம் வீட்டிலேர்ந்தே வேலை பாத்தாளே, போன வாரம் நீங்க வேலையை விட்டே அனுப்பிட்டீங்களே, அவதான். அவளுக்கும் இதே வியாதிதான். குழந்தையைத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள கட் ஆயிடுதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. நீங்க என்ன சொன்னீங்க? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. வேலை பாக்காம தூங்கறான்னு சொன்னீங்க.

இருங்க, முடிச்சுடறேன். உங்க கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான் இதுவும்.

எனக்கு மனசு கேக்கல சார். அவ வீட்டுக்கே போனேன். வயரை மாத்தினேன், மோடத்தை மாத்தினேன், ம்ஹூம். கடைசியில அவ கம்ப்யூட்டர்லயே என் பேரைப் போட்டு உள்ளே போனேன். கல்லு மாதிரி நின்னுச்சு! அவ போட்ட சோத்தைச் சாப்பிட்டு, குழந்தையைத் தோள்ல போட்டுத் தூங்க வச்சுட்டு வந்து பாக்கறேன், அப்படியே இருக்கு. இப்ப நீ உன் பேரைப் போடுடீ, அதை நான் இன்னும் அழிக்கலன்னேன். போட்டா. குழந்தை கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள கட்டு.

அதே வீடு, அதே வயரு. பேரு மட்டும்தான் வேற. சர்வருக்குள்ள போய்த் தேடினேன் சார். ரெண்டு நிமிஷம் கை சும்மா இருந்தா வெளியே தள்ளுன்னு ஒரு உத்தரவு. ஆபீஸ்ல இத்தனை பேரு இருக்கோம், அவ ஒருத்தி பேருக்கு மட்டும். அதைப் போடற அனுமதி இங்க ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. ஒண்ணு நானு. நான் போடல.

ஏன் சார் எழுந்துட்டீங்க? உக்காருங்க. லீவு முடியறதுக்கு முன்னாடியே வேலைக்கு வான்னு கூப்பிட்டீங்க, பச்சை உடம்புக்காரி, முடியாதுன்னுட்டா. அந்தக் காட்டம்தானே? ஒருத்தி சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, மேல சோம்பேறிங்கற பட்டம் வேற. எனக்கு வயிறு எரியுது சார். கத்துங்க, நல்லாக் கத்துங்க. கதவு தொறந்துதான் இருக்கு, எல்லாரும் கேக்கட்டும்.

மத்தியானம் பெரிய முதலாளி முன்னாடி கணக்கு காட்டணும், தெரியும் சார். அதனாலதான் இன்னிக்குப் பாத்து பண்ணேன்.

என்ன பண்ணேன்னா கேக்கறீங்க? அவளுக்கு நீங்க போட்ட அதே உத்தரவை, காலையில வந்ததும் உங்க பேருக்கும் போட்டுட்டேன். இல்ல சார், உங்களால எடுக்க முடியாது. அந்த அனுமதியையும் எடுத்துட்டேன். அவளுக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு வேலைக்கு வாம்மான்னு உங்க வாயால சொல்லுங்க, அடுத்த நிமிஷம் எடுத்துடறேன்.

என்னையும் அனுப்பணுமா? தாராளமா அனுப்புங்க. இந்தாங்க நாற்காலி, உக்காந்து ஆர்டரை அடிங்க. ஆனா கை நிக்காம அடிக்கணும் சார். என்ன காரணம் எழுதலாம்னு யோசிக்க நிறுத்துனீங்கன்னா, கட் ஆயிடும்.