கட்டை போடச் சொன்னது நான்

லாரியில் நான் இருக்கிறேன். என் தங்கை பூங்கொடியின் புருஷன் செல்வராசு இருக்கிறார். முன்னால் நிற்கும் லாரியில் ஒரு சர்தார் இருக்கிறார். பெயர் தெரியாது. அவ்வளவுதான் ஆட்கள்.

செவ்வாய்க்கிழமை. காலை ஏழு இருபது. நாட்டின் வடக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், மலை இறக்கம். பொள்ளாச்சியில் ஏற்றிய தேங்காய் லோடு. புறப்பட்டு ஆறாவது நாள்.

எல்லை தாண்டி வந்த முதல் குண்டு ஆற்றுக்கு அப்பால் விழுகிறது. கல் குவாரி வெடி மாதிரி சத்தம். இரண்டாவது கிட்டத்தில். விழுமுன் ஒரு விசில். மெல்லிசு. நீளம்.

சர்தார் குதித்துவிட்டார். "பாகோ! பாகோ!" ஓடச் சொல்கிறார். இந்தி தெரியாத எனக்கும் புரிகிறது.

நான் பிரேக்கை மிதித்தேன். கதவைத் திறந்தேன். கத்தினேன்.

"மாப்ளே, கட்டை போடு!"

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவன். இறக்கத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடாமல் நாங்கள் நகரமாட்டோம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. குண்டு விழுகிற இடத்தில் லாரி உருண்டால் என்ன. அது அப்போது தோன்றவில்லை. தங்கை புருஷனை ஒரு நாளும் மரியாதை விட்டுப் பேசியதில்லை. அன்றைக்கு "போடுங்க" என்றுகூட வரவில்லை.

அவர் ஓடவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போனார். நான் பள்ளத்தில் குதித்தேன். மூன்றாவது விசில்.

பிறகு காது கேட்கவில்லை. தேங்காய்கள் ரோட்டில் உருண்டு வருகின்றன. சத்தமே இல்லை.

அதற்குக் கால் மணி நேரம் முன்னால் செல்வராசு சிரித்துக்கொண்டிருந்தார். பூங்கொடிக்கு அப்போது ஆறு மாசம்.

"ஏனுங்க மச்சான், ஏழாம் மாசமே காது குத்திப்போடோணுங்க. மாமன் மடிய இப்பவே தொவைச்சு வெய்யிங்க."

"மொதல்ல பொறக்கட்டுங்க மாப்ளே."

இதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. கட்டையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஊருக்கு வந்தேன். வந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சு. மனசைத் தேத்திக்கங்க. எதை வைத்துத் தேற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. பாப்பா பிறந்தது. பெண். அவர் நெற்றி. பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தூக்கவில்லை.

ஏழாம் மாசம் வந்தது. காது குத்த வேண்டும் என்றாள் பூங்கொடி. செல்வராசின் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"வருசந் திரும்பாம ஊட்டுல விசேசமா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

நானும் வேண்டாம் என்றேன். வருஷம் திரும்பட்டும் என்றேன். காரணம் அதல்ல. குத்தும்போது மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த மாமன் நான்.

மறுநாள் பூங்கொடி வீட்டுக்குப் போனேன். அவள், செல்வராசைக் காய்கறி வண்டிக்காரன் துரத்தும் ஒரு பழைய வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி அம்மணி உனக்குச் சிரிப்பு வருது?"

"அழுவறப்ப ஒருத்தரும் இப்படிக் கேக்கலீங்களேண்ணா."

சொல்லிவிட்டேன். பத்து மாசம் ஒருவரிடமும் சொல்லாததை. விசில் வந்தது. ஓடு என்று சொல்லாமல் கட்டை போடு என்றேன். சொன்னது நான்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த முறம் பக்கத்தில் இருந்தது. மறுபடி எடுத்து அரிந்தாள். பாதி முறம் முடிந்தது.

"நீங்க சொல்லாட்டி மட்டும் ஓடியிருப்பாருங்களா? வாசல்ல பைக்க நிறுத்துனாலே சக்கரத்துக்குக் கல்லு வெக்கற ஆளுங்கண்ணா அது."

உண்மை. மேடு பள்ளமே இல்லாத வாசல். அதற்கும் ஒரு கல் வைத்திருந்தார். அது இன்னும் கிடக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் மேலேயே எரிச்சல்.

"என் மேல கோவமில்லியா கண்ணு?"

"இருக்குதுங்கண்ணா. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை மடியில உக்கார வெக்கறது நீங்கதான்."

குலதெய்வக் கோயில். காலை ஒன்பது பத்து. மேளம் இல்லை. அண்ணன்காரர் கடைசியில் வந்துவிட்டார், முகத்தைத் தூக்கிக்கொண்டு. பாப்பா என் மடியில். முதல் காது. வீல் என்று கத்தினாள். எனக்கு விசில் கேட்டது. எழுந்து ஓடப் பார்த்தேன். மடியில் கனம். ஓடவில்லை.

பாப்பா ஆசாரியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். விடவில்லை.

"அம்மணி, அதைக் குடுத்தாத்தானுங்க எனக்கு அடுத்த காது தெரியும்" என்றார் ஆசாரி, ஊசியும் கையுமாக.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். நானும்.

மறந்துபோகக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். போனவை இவை. முன் கண்ணாடி. டயர் நான்கு. தேங்காய் நாற்பத்தாறு மூட்டை. என் இடது காதின் கேட்கும் சக்தியில் பாதி. மாப்பிள்ளை செல்வராசு, வயது முப்பத்தொன்று.

கட்டை போகவில்லை. சக்கரத்துக்கு அடியில் சரியாக இருந்தது. லாரி ஒரு அடிகூட நகரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் சிரித்தது, இரண்டு முறை.